டிஸ்னிலாந்தில் முதல் ஒன்றரை மணித்தியாலம்: திருமலையிலிருந்து போகிறவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஓகஸ்டில் குடும்பமாகப் பரிஸ் போகிறார்கள், பரிஸை ஒட்டிய லா கூர்நெவில் அண்ணர் வீட்டில் இரண்டு கிழமை தங்கல், அதில் ஒரு நாள் டிஸ்னிலாந்து. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5, கூட 68 வயது அம்மாவும் வருகிறார். ஒவ்வொரு ரைட்டுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும் என்று எல்லோரும் பயப்படுத்துகிறார்கள், வெள்ளெனப் போனால் தப்பலாமா, எத்தனை மணிக்குப் போவது, எதில் முதலில் ஏறுவது? அடுத்த வருஷம் சிங்கப்பூர் யூனிவர்சலுக்குப் போகும் எண்ணமும் இருக்கிறதாம், அங்கேயும் இதே கணக்குத்தானா?

தப்பலாம் தம்பி. ஆனால் வெள்ளெனப் போய்ச் சேருவது பாதி வேலைதான், உள்ளே போன பிறகு அந்த முதல் ஒன்றரை மணித்தியாலத்தை எதில் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் மிச்சப் பாதி. நான் லா கூர்நெவ் பக்கம் இருந்து வேலை செய்த காலத்தில் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரரை டிஸ்னிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும், இப்போது உவர்மலையில் இருந்தாலும் யாராவது பரிஸ் புறப்பட்டால் முதலில் எனக்குத்தான் போன் வரும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வரிசை எப்படி வளருகிறது என்பதை முதலில் பார்ப்போம், இது விளங்கினால் மிச்சத் திட்டத்தை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். ஒரு ரைட் மணித்தியாலத்துக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றும் என்று ஒரு அளவு இருக்கிறது, காலையோ மாலையோ அந்த அளவு பெரிதாக மாறாது. மாறுவது வந்து சேருகிற சனம். காலை 9.30க்குத் திறக்கும்போது அன்றைக்கு வரப்போகிறவர்களில் ஒரு சின்னப் பங்குதான் வாசலில் நிற்கும், மிச்சப் பேர் ஆறுதலாக எழும்பி, சாப்பிட்டு, ரயில் பிடித்து, மத்தியானத்துக்குள் மெல்ல மெல்ல வந்து சேருவார்கள். ஏற்றுகிற அளவைவிட வருகிற சனம் கூடிய நிமிடத்திலிருந்து வரிசை நீளத் தொடங்கும், நீண்டுவிட்டால் பின்னேரம் வரை சுருங்காது. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு முதல் போட்டில் போகிறவர் பார்க்கிற கடலும் பத்து மணிக்குப் போகிறவர் பார்க்கிற கடலும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியும், அதேதான் இங்கேயும்.

இனி முக்கியமான கணக்கு. ஒரு ரைட்டில் 24 பேர் இருக்கக்கூடிய வண்டி 40 விநாடிக்கு ஒன்று புறப்படுகிறது என்று வையுங்கள், மணித்தியாலத்துக்கு 2,160 பேர் போவார்கள். இன்னொரு ரைட்டில் 4 பேர் இருக்கும் சின்ன வண்டி 20 விநாடிக்கு ஒன்று, அதில் 720 பேர்தான். இரண்டிலும் உங்களுக்கு முன்னால் 700 பேர் நிற்கிறார்கள் என்றால் முதலாவதில் 20 நிமிடத்துக்குள் ஏறிவிடுவீர்கள், இரண்டாவதில் ஒரு மணித்தியாலம் ஆகும். இது நான் விளங்கப்படுத்தப் போட்ட கணக்கு, ஆனால் பூங்காவில் நடப்பது இதேதான். கண்ணுக்கு நீளமாகத் தெரிகிற வரிசை கெதியாக நகரும், சின்னதாகத் தெரிகிற வரிசை அசையாமல் நிற்கும். ஆகவே வெள்ளெனப் போகிறவர் தேட வேண்டியது பெரிய பெயரும் சின்ன வண்டியும் உள்ள ரைட்டுகளை. பெரிய படகுகள் ஓடுகிற ரைட்டுகளைக் காலையில் தொடவே வேண்டாம், அவை மத்தியானமும் உங்களைப் பெரிதாகக் காக்க வைக்காமல் ஏற்றும்.

சரி, எந்த நாள் என்று பார்ப்போம். ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. கோடையில் பரிஸ் நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 6 மணி என்றால் உங்கள் உடம்புக்கு 9.30. போய் இறங்கிய முதல் சில நாள் நாலு, ஐந்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள், அலாரம் தேவையில்லை, கெஞ்சவும் தேவையில்லை. அதனால் டிஸ்னிலாந்தை இரண்டு கிழமையின் கடைசியில் வைக்காதீர்கள். இறங்கிய அடுத்த நாள் வேண்டாம், பயணக் களைப்பு இருக்கும், அம்மாவின் கால் வீங்கியிருக்கும். மூன்றாம் அல்லது நாலாம் நாள் சரியாக இருக்கும். ஒரு கிழமை போனால் உடம்பு பரிஸ் நேரத்துக்குப் பழகிவிடும், அண்ணர் வீட்டில் இரவிரவாகக் கதைத்துவிட்டு எட்டு மணி வரை தூங்குவீர்கள், பிறகு வெள்ளெனப் போகிற கதையே இல்லை.

ஓகஸ்ட் முழுவதும் பிரான்சில் பள்ளிக்கூட விடுமுறை, ஆகவே சனம் இல்லாத நாள் என்று ஒன்று கிடைக்காது, குறைந்த நாளைத்தான் தேடலாம். சனி, ஞாயிறைத் தவிருங்கள். ஓகஸ்ட் 15 அங்கே அரச விடுமுறை, அன்றும் அதை ஒட்டிய நாட்களும் வேண்டாம். நல்ல வழி ஒன்று சொல்கிறேன்: டிக்கெட்டை ஒன்லைனில் வாங்கும்போது திகதிக்குத் திகதி விலை மாறுவதைப் பார்ப்பீர்கள். சனம் கூடும் என்று பூங்கா எதிர்பார்க்கிற நாளில் விலை கூட, குறையும் என்று எதிர்பார்க்கிற நாளில் விலை குறைவு. அவர்களே உங்களுக்குக் கணக்குப் பார்த்துத் தந்திருக்கிறார்கள், குறைந்த விலை நாளை எடுத்தால் காசும் மிச்சம், வரிசையும் குறைவு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, 3 முதல் 11 வயது வரை சிறுவர் டிக்கெட், உங்கள் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் வருவார்கள். இன்னொன்று, ஓகஸ்ட் கடைசிப் பக்கம் பரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும், அண்ணர் குடும்பம் கட்டாயம் போகும், அன்றைக்கு முழுக்க நடந்து திரிந்துவிட்டு அடுத்த நாள் வெள்ளென டிஸ்னிலாந்து என்று போடாதீர்கள்.

புறப்பட முதல், இங்கே திருமலையில் இருந்துகொண்டே ஒரு வேலை செய்யலாம். டிஸ்னிலாந்து பரிஸின் அப்பை இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள், எந்த ரைட்டுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதில் உடனுக்குடன் காட்டும். அங்கே 9.30 என்றால் இங்கே மத்தியானம் ஒரு மணி. ஒரு கிழமைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதைத் திறந்து பாருங்கள், பிறகு இரண்டு மணிக்கு ஒருதரம், மூன்றரைக்கு ஒருதரம். பீற்றர் பான் என்கிற ரைட்டின் நேரம் எவ்வளவு கெதியாக ஏறுகிறது, எது நாள் முழுக்க ஏறாமலே கிடக்கிறது, எது காலையில் பிந்தித் திறக்கிறது என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்கே தெரியவரும். யாராவது எழுதி வைத்த பட்டியலைவிட இது நம்பத்தக்கது, ஏனென்றால் ரைட்டுகள் திருத்த வேலைக்காக அவ்வப்போது மூடிக் கிடக்கும், நீங்கள் போகிற கிழமையில் எது மூடியிருக்கிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். மகனும் சேர்ந்து பார்க்கட்டும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நல்ல விளையாட்டு.

அதோடு பிள்ளைகளின் உயரத்தையும் வீட்டில் அளந்துகொள்ளுங்கள், சப்பாத்து இல்லாமல், சுவரில் பென்சிலால் கோடு போட்டு. பிக் தண்டர் மவுண்டன் என்கிற ரைட்டுக்கு 1.02 மீற்றர் உயரம் வேண்டும், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20, இண்டியானா ஜோன்ஸுக்கு 1.40. மகனுக்கு முதல் இரண்டும் சரிவரும், மூன்றாவது அநேகமாகச் சரிவராது. மகளுக்குப் பிக் தண்டர் மட்டுமட்டாகக் கிடைக்கலாம். வாசலில் கோலை வைத்துத்தான் அளப்பார்கள், ஒரு சென்ரிமீற்றர் குறைந்தாலும் விடமாட்டார்கள், அழுதாலும் விடமாட்டார்கள். அது பிள்ளையின் பாதுகாப்புக்கான அளவு, மல்லுக்கு நிற்க வேண்டாம். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அந்த அழுகையில் அரை மணித்தியாலம் போய்விடும், வீட்டிலேயே சொல்லி வைத்தால் பிள்ளை தயாராக வரும்.

பயணம். லா கூர்நெவிலிருந்து ஆர்.ஈ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் பி பாதையை எடுத்து ஷாத்தலே லெ ஆலில் இறங்கி, அதே நிலையத்துக்குள் ஏ பாதைக்கு மாற வேண்டும். இந்த இடத்தில் கவனம். ஏ ரயில் கிழக்குப் பக்கம் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று புவாஸி சென் லெஜே போகும், உங்களுக்கு வேண்டியது மார்ன் லா வலே ஷெஸி. சரியான பாதையில் போகிற ரயிலும் சிலவேளை இடையில் நின்றுவிடும். மேடையில் தொங்குகிற பலகையில் அந்த ரயில் நிற்கிற இடங்களின் பெயர்கள் தெரியும், கடைசிப் பெயர் ஷெஸி என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ஏறிவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, கடைசி நிறுத்தம், ஏறக்குறைய 40 நிமிடம், இறங்கி வெளியே வந்தால் பூங்காவின் பாதுகாப்புச் சோதனைதான் எதிரே. கோடைகாலத்தில் பரிஸ் ரயில் பாதைகளில் திருத்த வேலை நடக்கும், சில பகுதி மூடப்படும், ஆகவே முதல்நாள் இரவு அண்ணரைக் கொண்டு ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் எட்டரைக்கு முன்பின்னாக வாசலில் நிற்பீர்கள். உங்கள் உடம்புக்கு அது பத்தரை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவது, அவ்வளவுதான். எட்டரை ஏன் என்றால், பையைச் சோதிக்கிற இடத்தில் ஒரு வரிசை, டிக்கெட் பார்க்கிற இடத்தில் இன்னொரு வரிசை, இந்த இரண்டையும் 9.30க்கு முன்னால் முடித்துவிட வேண்டும். 9.30க்கு வந்து சோதனை வரிசையில் சேருகிறவர் உள்ளே காலடி வைக்கும்போது பத்து மணி தாண்டிவிடும், அவர் வெள்ளென எழும்பியும் பலன் பாதிதான். பை சின்னதாக இருக்கட்டும். டிக்கெட் குறியீட்டை எல்லோருடையதையும் ஒரு போனில் மட்டும் வைக்காமல் இரண்டு போனில் வைத்திருங்கள், ஒன்றின் பற்றரி இறங்கினாலும் சமாளிக்கலாம். ஓகஸ்ட் என்றாலும் பரிஸில் விடியற்காலை எங்களுக்குக் குளிர்தான், பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.

டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களை 8.30க்கே உள்ளே விடுவார்கள், அவர்களுக்காகச் சில ரைட்டுகளும் அந்த நேரம் ஓடும். நீங்கள் அண்ணர் வீட்டிலிருந்து வருகிறீர்கள், உங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் இல்லை. அதற்காக அந்த விலைக்கு ஹோட்டல் எடுக்கச் சொல்லமாட்டேன், ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையில்லை. ஆனால் அதை மனதில் வைத்துத்தான் முதல் ரைட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். ஹோட்டலில் தங்குகிறவர்கள் அந்த ஒரு மணித்தியாலத்தில் சுற்றுவது பூங்கா நடுவில் நிற்கிற கோட்டைக்குப் பின்னால் இருக்கிற ஃபன்டசிலாண்டிலும் வலது கைப்பக்கம் இருக்கிற டிஸ்கவரிலாண்டிலும். இடது கைப்பக்கம் உள்ள ஃப்ரொன்டியர்லாண்ட் வழக்கமாக 9.30 வரை எல்லோருக்கும் மூடியிருக்கும். அங்கே அவர்களும் நீங்களும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள்.

அங்கேதான் பிக் தண்டர் மவுண்டன். பூங்காவிலேயே பெரிய பெயர் உள்ள ரைட்டுகளில் ஒன்று, நடுத் தீவில் மலை நிற்கும், ரயில் கரையிலிருந்து புறப்பட்டுத் தண்ணீருக்கு அடியால் குகைக்குள் பாய்ந்து தீவுக்கு ஏறும். நாளின் நடுவில் இதற்கு நிற்க வேண்டிய நேரத்தை அப்பில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே என் யோசனை, குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் மகனோடு இடப்பக்கம், பிக் தண்டருக்கு. மனைவி மகளோடு நேரே கோட்டைக்குப் பின்னால், பீற்றர் பானுக்கு. பீற்றர் பானில் சின்னச் சின்னக் கப்பல்கள் மேலே தொங்கிக்கொண்டு போகும், ஒரு கப்பலில் சில பேர்தான் ஏறலாம், பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற ரைட், ஆகவே அந்த வரிசை நாள் முழுக்க இறங்காது. ஹோட்டல்காரர் முன்னமே கொஞ்சப் பேர் நிற்பார்கள், பரவாயில்லை, 9.30க்கு நிற்பதைவிடக் குறைந்த வரிசை பிறகு அநேகமாகக் கிடைக்காது. எல்லோரும் ஒன்றாகத்தான் எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற குடும்பங்கள்தான் இரண்டையும் கோட்டை விடுகின்றன. ஒன்றாக ஏறுவதற்குப் பின்னேரம் முழுக்க இருக்கிறது.

வாசல் தாண்டியதும் மெயின் ஸ்ட்ரீட் என்கிற கடைத்தெரு, அதன் முடிவில் ஊழியர்கள் குறுக்கே நின்று சனத்தை மறிப்பார்கள். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, கோட்டையைக் கண்டதும் நின்று போட்டோ எடுப்பது. எடுக்காதீர்கள், கோட்டை எங்கேயும் போகாது, பின்னேரம் வெளிச்சமும் வடிவாக இருக்கும். முதலில் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், வரிசையில் பாதி தூரம் போன பிறகு "அப்பா, மூத்திரம்" என்று பிள்ளை கையை இழுத்தால் அந்த வரிசை போனதுதான். பிறகு, நீங்கள் ஏறப்போகிற பக்கத்துக்கு ஒதுங்கி நில்லுங்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கக் கடைகளுக்கும் பின்னால் கூரை போட்ட நடைபாதை ஒவ்வொன்று ஓடுகிறது, இடப்பக்கத்தது லிபர்ட்டி ஆர்கேட், வலப்பக்கத்தது டிஸ்கவரி ஆர்கேட். நடுத்தெருவில் சனம் திரண்டு நிற்கும்போது இடப்பக்க நடைபாதை திறந்திருந்தால் அதால் நடந்து ஃப்ரொன்டியர்லாண்ட் பக்கம் போய் நிற்கலாம், மழை தூறினாலும் நனையமாட்டீர்கள். மறிப்பை எடுத்ததும் ஓட வேண்டாம், ஓடினால் ஊழியர் நிறுத்துவார், கீழே விழுகிற பிள்ளைகளும் உண்டு. நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தால் போதும்.

காலையில் இயந்திரம் சரியாகத் தொடங்காமல் ஒரு ரைட் பிந்தித் திறப்பது எந்தப் பூங்காவிலும் நடக்கும். பிக் தண்டர் வாசலில் "இன்னும் திறக்கவில்லை" என்று சொன்னால் அங்கேயே நின்று காத்திருக்காதீர்கள், ஐந்து நிமிடம் பாருங்கள், இல்லையென்றால் உடனே டிஸ்கவரிலாண்ட் பக்கம் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இரண்டாவது தெரிவை முதல்நாள் இரவே முடிவுசெய்து வைத்திருந்தால் தெருவில் நின்று கதைத்து நேரம் போகாது. பிக் தண்டர் சரியாக ஓடினால் அதை முடித்துவிட்டு அடுத்தது ஹைப்பர்ஸ்பேஸ். மனைவியும் மகளும் பீற்றர் பானிலிருந்து வந்தால் பக்கத்திலேயே டம்போவும் சின்னக் குதிரை ராட்டினமும் இருக்கின்றன, டம்போவும் கொஞ்சப் பேரைத்தான் ஏற்றும், காலையிலேயே முடித்துவிடலாம். பதினொரு மணிக்கு எல்லோரும் கோட்டையடியில் சந்தியுங்கள். அதற்குள் உங்கள் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மூன்று ரைட் முடித்திருப்பார்கள், பத்தரைக்கு உள்ளே வந்த குடும்பம் முதலாவது வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

அம்மாவைப் பற்றி. அவரை ஏழு மணிக்கு உங்களோடு இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஆர்.ஈ.ஆர். நிலையங்களில் படிக்கட்டு அதிகம், காலை அவசரத்தில் நடை அதிகம், வந்து சேர்ந்ததும் அவருக்கு ஏற ஒன்றும் இருக்காது. அண்ணர் அல்லது அண்ணி பதினொரு மணியளவில் அவரை ஆறுதலாகக் கூட்டிவரட்டும், டிக்கெட் ஆளுக்கு ஒன்றுதான், தனித்தனியாக உள்ளே வரலாம். நடக்கக் கஷ்டம் என்றால் பூங்காவிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம், வெட்கப்படாமல் எடுங்கள், அந்தத் தூரம் வீட்டில் இருந்து நினைப்பதைவிடப் பெரிது. அவர் வந்த பிறகுதான் பெரிய வண்டி ரைட்டுகளின் முறை: இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட் படகு, பைரட்ஸ் ஒஃப் த கரீபியன், பூங்காவைச் சுற்றி ஓடுகிற நீராவி ரயில். வரிசையே இல்லாத இடங்களும் உண்டு, கோட்டைக்கு அடியில் குகைக்குள் ஒரு பெரிய டிராகன் சங்கிலி போட்டுக் கிடக்கும், மூச்சு விடும், தலையைத் தூக்கும், நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மகள் பயந்து அம்மாவின் சேலையைப் பிடிப்பாள், ஆனால் திரும்பவும் போகலாம் என்பாள்.

பதினொரு மணிக்குச் சந்தித்ததுமே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பரிஸ்காரர் பன்னிரண்டரைக்குப் பிறகுதான் சாப்பிடுவார்கள், அப்போது கடை வரிசை ரைட் வரிசையைவிட மோசமாக இருக்கும். உங்கள் வயிற்றுக்கு அங்கத்தைய பதினொரு மணி மத்தியானம் இரண்டரை மணி, பசி தானாக வரும். கையில் சின்னச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்கள், லா சப்பலில் முதல்நாள் ரோல்ஸும் மரக்கறி ரொட்டியும் வாங்கிப் பையில் வைத்தால் பெரிய செலவு மிச்சம். கண்ணாடிப் போத்தல், பெரிய குளிர்ப்பெட்டி, மதுவகை கொண்டுபோகக் கூடாது.

இளசுகளுக்கு இரண்டு குறுக்குவழி. தனியாள் வரிசை என்று சில ரைட்டுகளில் இருக்கிறது, வண்டியில் மிஞ்சுகிற ஒற்றை இருக்கைகளை நிரப்ப. அண்ணர் மகன் பெரியவன் என்றால் அவன் அதில் போகலாம், உங்கள் மகனை அதில் அனுப்ப வேண்டாம், பிரித்துத்தான் இருத்துவார்கள். மற்றது, மகள் ஏற முடியாத ரைட்டுக்கு நீங்களும் மனைவியும் மாறி மாறி ஏறலாம், ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் மகளோடு நின்று, பிறகு இரண்டாம் தரம் முழு வரிசையும் நிற்காமல் ஏறுவது. ரைட் வாசலில் நிற்கிற ஊழியரிடம் ஏறுவதற்கு முன்னமே கேட்க வேண்டும்.

காசு கொடுத்து வரிசை தாண்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட் பாஸை நிறுத்திவிட்டு 2021இல் பிரீமியர் அக்ஸஸ் என்று காசுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு ரைட்டுக்கு, ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று விலை, நாளைப் பொறுத்து அதுவும் மாறும். நாலு பேர், மூன்று ரைட் என்று பெருக்கி, ரூபாயில் மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். காலையை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இது தேவையில்லை. ஒரேயொரு இடத்தில் நியாயம்: காலையில் ஏதோ காரணத்தால் பிக் தண்டர் திறக்கவேயில்லை, மகன் அதற்காகவே வந்தவன் என்றால், பின்னேரம் உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அந்த ஒன்றை வாங்குங்கள்.

பக்கத்தில் இரண்டாவது பூங்காவும் இருக்கிறது, முன்பு வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்று பெயர். மகள் எல்சாவைப் பார்க்கவே வருகிறாள் என்றால் இந்த முழுத் திட்டமும் மாறும், எல்சா வருகிற ஃப்ரோஸன் படத்தின் பகுதி அந்தப் பூங்காவில்தான். அப்போது அந்த நாளை அங்கேயே தொடங்குங்கள், அதே விதி, முதலில் எல்லோரும் கேட்கிறதும் கொஞ்சப் பேரை ஏற்றுகிறதும். அங்கே க்ரஷ் கோஸ்டர் அப்படிப்பட்டது, 1.07 மீற்றர் உயரம் வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு பூங்கா வேண்டாம், ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இரவு வாணவேடிக்கையைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். பரிஸில் ஓகஸ்டில் இருட்டவே ஒன்பது மணி தாண்டும், அதனால் வேடிக்கை பூங்கா மூடுகிற நேரம்தான், கோடையில் பதினொரு மணிக்குக் கிட்ட. ஊர்க் கணக்கில் விடியப்புறம் இரண்டரை. நாலு மணிக்கு எழும்பிய பிள்ளைகள் அதுவரை நிற்கமாட்டார்கள், எட்டு மணிக்கே மகள் தோளில் தூங்கிவிடுவாள், மகன் எதற்கும் அழத் தொடங்குவான். வெள்ளென வருவதும் வேடிக்கை பார்ப்பதும் ஒரே நாளில் சிறுபிள்ளைகளுக்குச் சரிவராது, ஒன்றைத்தான் எடுக்கலாம், நான் காலையைத்தான் எடுப்பேன். இல்லை, வேடிக்கை கட்டாயம் வேண்டும் என்றால் பயணத்தின் கடைசிப் பக்கம் ஒரு நாளை எடுத்து, மத்தியானம் நன்றாகத் தூங்கவிட்டு, இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு ரைட்டின் வரிசையில் அந்த ரைட் மூடுகிற நேரம் வரைக்கும் சேரலாம், சனம் கோட்டையடியில் இடம் பிடிக்கிற அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தில் பிக் தண்டர் பக்கம் வரிசை இறங்கும். வேடிக்கை முடிந்ததும் ஆர்.ஈ.ஆர். நிலையத்தில் நெரிசல் இருக்கும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். வரிசைக் கணக்கு ஒன்றுதான், ஆனால் நேரக் கணக்கு தலைகீழ். அங்கே எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால், உடம்பு தூங்கச் சொல்கிற நேரத்தில் எழும்ப வேண்டியிருக்கும், அதனால் அங்கே பூங்காவைப் பயணத்தின் பின்பாதியில் வையுங்கள். நல்லவேளையாக யூனிவர்சல் வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் திறக்கும், ஒன்பதே காலுக்கு வாசலில் நின்றால் போதும். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் ஊதா நிற ரயிலில் நேரே ஹார்பர்ஃபிரண்ட், அங்கே விவோசிட்டியின் மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ், முதல் நிறுத்தம் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட். உள்ளே கனோபி ஃப்ளையர் என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் சாதாரணம், ஆனால் சின்ன இருக்கைகள், வரிசை நகராது, பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்றால் காலையிலேயே. 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் லாண்டும் ட்ரான்ஸ்ஃபோமர்ஸும் அதற்கடுத்தது. அங்கே காலையை விட்டால் இன்னொரு இழப்பும் உண்டு: மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலோடு மழை வந்தால் திறந்தவெளி ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரம் எல்லாச் சனமும் கூரைக்குக் கீழே இருக்கிற ரைட்டுகளுக்குள் புகும். ஆகவே வெளியில் இருப்பவற்றை முதலில் முடித்துவிட்டு, மழை நேரத்துக்கு உள்ளே நடக்கும் காட்சிகளை மிச்சம் வையுங்கள்.